நாலு நெடில், இரண்டு குறில்

தவலந்தென்னயில் ஏறத் தொடங்கும்போது ஒன்றுமிராது.
ரம்பொடைச் சுரங்கம் தாண்டி
மூன்றாவது கொண்டையூசி வளைவில்தான்
ஓவர்டிரைவ் விளக்கு கண்ணடிக்கும்.
அந்தக் கணமே பஜீரோ
மூன்றாம் கியரைக் கவ்விக்கொள்ளும்.
இறங்காது. ஏறாது.
சுமை என்றும் சொல்ல வழியில்லை:
கம்பளையில் லீக்ஸை இறக்கிவிட்டு
வெறுஞ்சாக்கோடு திரும்புகிற வண்டி.
பின்னால் வரும் பஸ்
ஹோர்னிலேயே என் வம்சத்தை விசாரிக்கும்.

அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் நின்றால்
எல்லாம் மறந்து
புதுப்பெண்போல முதல் கியரில் புறப்படும்.

கம்பளை நிஹால் பாஸ்
டிப்ஸ்டிக்கை உருவி மூக்கருகே பிடித்தார்.
எரிஞ்ச மணம். பொக்ஸ் முடிஞ்சுது.
ஜப்பான் ரீகண்டிஷன் மூன்றரை லட்சம்,
உத்தரவாதம் கேட்கக்கூடாது.
புசல்லாவை றிஃப்கான் கிளச் தட்டு என்றான்.
நுவரெலியாவில் ஒருவர்
பொனட்டைக்கூடத் திறக்கவில்லை.
வித்துப் போடுங்க.

ஞாயிற்றுக்கிழமை
லபுக்கலை லயத்துக்குப் பின்னால்
நாலு சில்லுக்கும் கருங்கல் முட்டுக்கொடுத்து
அடித்தட்டைக் கழற்றினேன்.
ஒயில் கறுப்பு. மறுப்பதற்கில்லை.
காந்தத்தில் ஒட்டியிருந்ததை
விரலிடையில் தேய்த்துப் பார்த்தேன்:
மாவு. துண்டு இல்லை, சிராய் இல்லை.
செத்த பெட்டி பல்லைத் துப்பும்.
இது வெறுமனே நரைத்திருந்தது.

தட்டைப் பூட்டிப் புது ஒயில் ஊற்றியபின்
டாஷ்போர்டுக்கு அடியிலுள்ள சொக்கட்டில்
ஒரு துண்டு வயரைக் குத்தி
மரியசீலியைக் கூப்பிட்டேன்.
விளக்கைப் பார், எண்ணு.
அவள் எட்டாம் வகுப்பு விடைத்தாள்களோடு வந்தாள்.
யாரோ ஒரு பிள்ளையின் பூச்சிய மார்க்குக்குப் பின்பக்கம்
எழுதினாள்:
நெடில், நெடில், நெடில், நெடில்.
குறில், குறில்.

திரும்பப் போடுங்க.
அதே.
திரும்ப.
அதே.
ஒரே வரியைத் திருப்பித் திருப்பிச் சொல்றவங்க
பொய் சொல்ல மாட்டாங்க, என்றாள்.
கொஞ்சம் யோசித்து,
சொல்லுவாங்க, ஆனா இது வண்டி.

போட்டோக்கொப்பி புத்தகத்தில்
நாற்பத்திரண்டு என்றால் ஒரு சொலினாய்டு.
மீட்டர் வைத்தேன். ஓம் மூன்று. சரியான எண்.
குளிரில் எவனும் உத்தமன்.
எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கில் அவள் காலை வைத்து,
டியில் போட்டு, ஆரில் போட்டு,
சைலன்சர் குழாய் நீர்த்துளி பட்டால் சீறும்வரை காய்ச்சி
அணைத்தேன்.
மல்லாந்து உள்ளே போனேன்.
வயர்க்கட்டை ஒவ்வோர் அங்குலமாக
இரண்டு விரலால் நசுக்கிக்கொண்டு வந்தேன்,
நோகிற இடம் தேடும் டிஸ்பென்சர் மாதிரி.
குழாயை ஒட்டிய கிளிப்புக்கு அருகே
மீட்டரில் எண் மறைந்து
ஒரு கோடு.

மேல்தோலில் கீறலே இல்லை.
பிளந்து பார்த்தால் செம்பு பச்சை பிடித்து
இரண்டு முனையும்
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.
சூடேறினால் விலகும். ஆறினால் தொடும்.
இதற்குத்தான் மூன்றரை லட்சம்.

வெட்டி, ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டு
குழாயைவிட்டு ஒரு சாண் தள்ளிக் கட்டினேன்.
நூற்றெண்பது ரூபாய்,
ஈயம் கடன்.

செவ்வாய்க்கிழமை அவளும் வந்தாள்.
சுரங்கம். ஒன்று. இரண்டு. மூன்றாவது வளைவு.
விளக்கு இருட்டாகவே இருந்தது.
ஆனால் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது
அலமாரித் தட்டுகள் உரசுவதுபோல
ஒரு நடுக்கம்
சீட்டுக்கு அடியில் ஓடி மறைந்தது.
நிஹால் பாஸும் பொய் சொல்லவில்லை.
அது என்ன, என்றாள்.
அதுக்கு எழுத்து இல்லை, என்றேன்.

லபுக்கலையில் மழை.
இடதுபக்க ஹெட்லைட் மங்கல்.
பல்புதான் என்று நினைக்கிறேன்.